பெருமிதம் என்னும் மெய்ப்பாடும் மாயா அருள்பிரகாசத்தின் பாட்டுப் படங்களும்

முதுகலை வகுப்பில் மெய்ப்பாட்டியலைப் பயிற்றுவோர்க்கு ஆண்டுதோறும் ஓர் இடர்ப்பாடு நேர்தல் உண்டு. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலியவற்றிற்கு மாணவர் தாமே எடுத்துக்காட்டுத் தருவர். பெருமிதம் என்றதும் வகுப்பு அமைதியுறும். சிலர் போர்க்களப் பாட்டு ஒன்றிரண்டைச் சுட்டுவர். சிலர் பெருமிதத்தைச் செருக்கெனப் பிறழ உணர்வர். சில ஆண்டுகட்கு முன் மாணவி ஒருவர் எழுந்து, புறநானூற்றையும் சிலம்பையும் காட்டாது, இலண்டன் மாநகரில் வாழும் ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் பெயரைக் கூறினார். வகுப்பு நகைத்தது. யாம் நகைத்திலேம். அப்பாடகியின் பாட்டுப் படங்களை ஆராய்ச்சி மாணவராய் இருந்த காலந்தொட்டு யாம் விருப்புடன் கண்டு வருவதை அந்நாள்வரை வகுப்பில் வெளியிட்டதில்லை, அன்றும் வெளியிட்டிலேம்.

அம்மாணவி அதனையே ஆய்வேட்டிற்குப் பொருளாகக் கொள்ள விழைந்தார். பொருளை ஆய்ந்த பெரியவர் ஒருவர், "இதில் தமிழ் எங்கே உளது?" என்று கேட்டு மறுத்தார். மாணவி வேறு பொருளை மேற்கொண்டு பட்டமும் பெற்றார். அவ்வினா எள்ளத்தக்கதன்று. மாயா பாடுவது ஆங்கிலத்தில். அவர்தம் இசை பாப் என்றும் ராப் என்றும் வழங்கும் மேனாட்டு வகைகளைச் சார்ந்தது. தமிழ்ச்சொல் அதில் அருகியே வரும். ஆயினும் அவ்வினாவிற்கு விடை உண்டென்றே அன்றும் எண்ணினோம். வாய் திறவாதிருந்தது எம் பிழை. அவ்விடையை ஈண்டுக் கூற முற்படுகின்றோம். விருப்புடையார் கூறும் திறனாய்வு புகழுரையாய் முடிதல் எளிது. ஆதலின், எமக்கு மனநிறைவு தாராத படத்தைப் பற்றியே இறுதியில் விரித்துரைப்போம்.

மெய்ப்பாடு செய்யுட்கு மட்டும் உரியதன்று. மெய்ப்பாட்டியலின் தொடக்கத்தில் வரும் 'பண்ணை' என்னும் சொல்லுக்கு, வேந்தர் முதலாயினோர் ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் இன்புறும் விளையாட்டு என்னும் கருத்துப்பட உரையாசிரியர் பொருள் கூறினர். ஆடுகளத்திலிருந்து செய்யுளுக்கு வந்த கோட்பாடு அது. அதனை மீண்டும் ஆடலும் பாடலும் இயைந்த கலையொன்றன்மேல் ஏற்றி நோக்குதல் புதுமை விழைவு ஆகாது. பிறந்த வீட்டிற்கு அழைத்துச் செல்லுதலே ஆகும்.

அழுகைக்கும் பெருமிதத்திற்கும் தொல்காப்பியர் நந்நான்கு நிலைக்களங்களை வகுத்தனர். பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், முன்னை நிலை கெட்டுத் தளர்தல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு உரியன. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்திற்கு உரியன. இந்நான்கனையும் ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கு நம்மிடை உண்டு. அவை செல்லும் திசையை நோக்கின் வேறுபாடு புலப்படும். கல்வியும் தறுகண்ணும் ஒருவர் தம்மிடத்தே நிற்பன. கொடை தம்மிடத்திருந்து பிறரை நோக்கிச் செல்வது. புகழ் பிறரிடமிருந்து தம்மை நோக்கி வருவது. இப்பாகுபாடு உரைகளில் உள்ளதன்று, எம் கருத்து. அழுகையின் நிலைக்களம் நான்கும் பொருந்திய வாழ்வொன்றிலிருந்து அழுகை தோன்றாது பெருமிதமே தோன்றியது என்பதும், அப்பெருமிதம் தறுகண்ணிற் பிறந்து கொடையால் விரிந்து புகழிற் சென்று தேங்கியது என்பதும், மாயாவின் பாட்டுப் படங்கள் ஆண்டுதோறும் மாறிவந்த மாற்றம் இதுவே என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ விழைவன.

வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். மாதங்கி என்னும் இயற்பெயருடைய மாயா 1975-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாய் இருந்தபோதே யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுவரப்பட்டார். தந்தையார் அருளர் எனப் பெயர் பூண்டு ஈழப் புரட்சி அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவராய் இருந்தமையால் இல்லத்தில் தங்கியது அரிது. போர் மூண்ட காலத்துத் தாயும் மக்களும் சென்னையை அடுத்த பாழ்வீடு ஒன்றில் சிலகாலம் வறுமையில் உழன்றனர். 1986-ஆம் ஆண்டு ஏதிலியராய் இலண்டன் சென்று, தென்பகுதியில் அரசு கட்டிய குடியிருப்பில் வாழ்ந்து, அங்கு நிறவெறியாளரின் இகழ்ச்சிக்கு ஆளாயினர். இகழ்ச்சி, இழப்பு, நிலைகேடு, வறுமை என நான்கும் இளமையிலேயே அமைந்துவிட்டன. பின்னர் மாயா அங்குள்ள புகழ்பெற்ற கலைக்கல்லூரியில் திரைக்கலை பயின்று 2000-ஆம் ஆண்டளவில் வெளிவந்தார். இக்கல்வியை மறத்தல் கூடாது. அவர் பாடகியாகிப் பின் படம் எடுத்தவரல்லர். படம் எடுக்கக் கற்றுப் பின் பாடியவர். எம்.ஐ.ஏ. என அவர் பூண்ட மேடைப்பெயர், போரிற் காணாமற் போனோரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாகும். ஈழத்துத் தாய்மார் பலர் இன்றும் ஒளிப்படம் ஏந்தித் தேடுவது அத்தகையோரையே.

முதற் படமாகிய 'கலாங்' 2004-இல் வந்தது. இயக்கியவர் ரூபன் ஃபிளைஷர். படத்தில் நிகழ்ச்சி எனத்தக்கது ஒன்றும் இல்லை. மாயா ஆடுகிறார். அவர்பின் அவரே வரைந்த அச்சுவெட்டு ஓவியங்கள் நிறம் மாறி மாறித் தோன்றுகின்றன: புலி, பீரங்கி வண்டி, குண்டு, எரியும் பனை. பாடலின் சொற்களை மட்டும் நோக்குவோர் போரின் சுவட்டைக் காணார். இலண்டன் தெருப் பேச்சையே காண்பர். நாட்டின் கருப்பொருள் யாவும் சுவருக்குச் சென்றுவிட்டன. சொல்லில் இடம் பெறாதன பின்புலத்தில் இடம் பெற்றன. எரியும் பனையின் முன் நின்று ஒருவர் அழாது ஆடுதலைக் கண்டோர் மருட்கை எய்துவர். ஆடுவாரிடத்து நிற்பது தறுகண். புலியுருவைக் கண்டு வன்முறைக்குத் துணைநிற்கிறார் எனப் பழித்தோர் பலர். அவர் அதனை மறுத்துள்ளார். அவ்வழக்கில் யாம் புகவேண்டா. திறனாய்வுக்கு வேண்டுவது, அப்படத்தில் மாயா தனியர் என்பதே. நாடு உண்டு, நாட்டார் இலர்.

அவ்வாண்டே வந்த 'சன்ஷவர்ஸ்' இராஜேஷ் டச்ரிவர் இயக்கத்தில் தென்னிந்தியக் காட்டிடத்தே எடுக்கப்பெற்றது. ஓவியமாய் நின்ற நிலம் ஈண்டு மெய்ந்நிலமாயிற்று. உடன் பெண்டிர் சிலரும் வந்தனர். எனினும் அவர்கள் வேடம் பூண்டோராய்ப் பாடகிக்குத் துணைநிற்கின்றனரேயன்றித் தம்மியல்பில் தோன்றிலர். இஃது இடைப்பட்ட முயற்சி எனக் கொண்டு மேற்செல்லுவோம்.

2006-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் தங்கித் தொழில் செய்தற்கு உரிய இசைவு மாயாவிற்குக் கிடைக்கவில்லை. அங்கே ஆக்கக் கருதிய இரண்டாம் இசைத்தொகுதியை அவர் பல நாடுகளிற் சென்று ஆக்கினார். அவற்றுள் ஒன்று நம் சென்னை. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உறுமி முழக்குநரை வருவித்து அவர்தம் முழக்கைப் பதிந்துகொண்டார். முதல் தொகுதிக்குத் தந்தையின் பெயரை இட்டு 'அருளர்' என்றவர், இதற்குத் தாயின் பெயரை இட்டுக் 'கலா' என்றார். அத்தாயார் தையல் தொழிலால் மக்களை வளர்த்தவர். ஆங்கில அரசகுடும்பத்தார் வழங்கும் பதக்கங்களின் பட்டிகளைத் தைத்தவர் எனப் பின்னாளில், தாமே அத்தகைய பதக்கம் ஒன்றைப் பெற்றபோது, மாயா கூறினார். பெருமிதத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவோர் தேடிக் காண்க.

அத்தொகுதிக்கு முன்னோடியாக 2006-இன் இறுதியில் வந்தது 'பேர்ட் ஃபுளூ'. யாம் முதற்கண் கண்டது அடுத்த ஆண்டின் ஆடித் திங்களில், அடையாற்றில் நண்பர் ஒருவரின் மாடியறையில். அவர் கணிப்பொறியை முடுக்கிவிட்டு அடுக்களைக்குச் சென்றார். முழக்கம் எழுந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள் போலும் என்றெண்ணிச் சாளரத்தை நோக்கிச் சென்று எட்டிப் பார்த்தோம். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. திரும்பி நோக்கியபோதுதான் ஓசை கணிப்பொறியிலிருந்து வருதல் தெரிந்தது. உறுமி என்பது இடைசுருங்கிய இருமுகக் கருவி. ஒரு முகத்தைக் கோல்கொண்டு அடிப்பர். மற்றொரு முகத்தில் வளைகோலை அழுத்தித் தேய்த்து உறுமும் ஓசையை எழுப்புவர். பெயர் வந்ததும் அதனாலே. மயிலாப்பூரில் யாம் குடியிருந்த காலத்து, முண்டகக்கண்ணியம்மன் கோயிற் பக்கம் ஆடி மாதத்துக் கேட்ட முழக்குகளுள் அதுவும் ஒன்று. திசம்பர் இசைவிழாவிற்காக அவ்வூருக்கு வருவோர் அறியாத இசை அது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோரும் இசை எனக் கொள்ளாது இரைச்சல் எனக் கொள்வது. அவ்வுறுமியை உலகெங்கும் செல்லும் பாட்டிற்கு முதுகெலும்பாய் வைத்தவர், ஆங்கிலத்திற் பாடும் ஒரு பெண்.

படத்தை இயக்கியவரும் அவரே. தென்னாட்டுச் சிற்றூர் ஒன்றன் புழுதியில் சிறுவர் ஆடுகின்றனர். கோழிகள் குறுக்கே ஓடுகின்றன. இளைஞர் நெருங்கிச் சூழ்கின்றனர். கூட்டத்தினூடே மாயா ஆடுகிறார். அவரைத் தேடிக் காணவேண்டிய இடங்களும் உள. கோழிகளின் கூவலும் சிறுவர் குரலும் பாட்டின் ஓசையிலேயே கலந்துள்ளன. ஆதலின் படத்தில் உள்ளோர் பாட்டிற்குப் புறம்பாய் நிற்போர் அல்லர். பாட்டை ஆக்கியோரின் இனத்தவர். அவர்களை யாரும் அணிவகுத்து நிறுத்தவில்லை. படக்கருவியை நோக்கி முகம் காட்டுகின்றனர். அம்முகங்களிற் பெருமிதம் உண்டு. இதனையே கொடை என்கின்றோம். பொருட்கொடை அன்று, சட்டகத்தைக் கொடுத்தல். தமக்குக் கிடைத்த மூன்று நான்கு நிமிடப் பண்ணையைப் பெயரறியாதோர்க்குப் பங்கிட்டுத் தந்தார். பொருட்செலவும் ஒப்பனையும் மிக்க பிற்காலப் படங்கள் யாவற்றினும் இதனையே யாம் உயர்வாக மதிக்கின்றோம். ஊர்ப்பற்றினால் அவ்வாறு கூறுகின்றோம் என எவரேனும் கூறின் முற்றும் மறுக்க இயலாது.

'கலா' வெளிவந்தபின் தியாகராயநகரில் பனகல் பூங்காவை அடுத்த இசைத்தட்டுக் கடை ஒன்றில் அதனைத் தேடினோம். தமிழ் அடுக்கில் இல்லை. கடைக்காரர் ஆங்கில அடுக்கிலிருந்து எடுத்துத் தந்து, உறையில் உள்ள பெயரை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்து, "நம்ம பொண்ணா?" என்று வினவினார். ஆம் என்றோம். அவர் அத்தட்டுகளில் எஞ்சியதை எடுத்துத் தமிழ் அடுக்கின் ஓரத்தில் வைத்தார். இதில் தமிழ் எங்கே என்னும் வினாவை எம் செவியில் முதற்கண் கேட்பித்தவரும், ஒருவகையில் விடை கூறியவரும் அவரே.

அத்தொகுதியின் 'பாய்ஸ்' ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரத்து ஆடவர் ஆடும் படம். அதன் ஓசைக்கும் உறுமியே அடி. 'ஜிம்மி' 1982-இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' என்னும் இந்திப் படத்தின் பாட்டைத் தழுவியது. விளையாட்டு என்னும் அளவில் அமையும். 'பேப்பர் பிளேன்ஸ்' அவ்வாறு கழிக்கத்தக்கதன்று. பெர்னார்டு கூர்லி இயக்கிய அப்படத்தில் மாயா நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வண்டியிலிருந்து உணவு விற்கும் குடிபெயர்ந்தோராய்த் தோன்றுகிறார். குடிபெயர்ந்து வருவோர் யாவரும் கள்வர் என அஞ்சும் மனத்தை எள்ளி, ஆம் கள்வரே என்று ஏற்றுக்கொண்டு பாடும் பாட்டு அது. துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் அதன் தாளத்தில் இடம்பெறுகின்றன. எள்ளலில் நகை பிறக்கும் என்பது இலக்கணம். ஈண்டு எள்ளப்படுவோர் எள்ளுவோராய் மாறுகின்றனர்.

இதனைக் காணுந்தோறும் எமக்குப் பெருஞ்சித்திரனார் நினைவே வரும். பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழவியையும் வாடிய மனைவியையும் முதிர்ந்த தாயையும் தம் பாட்டிற் கூறி வறுமையை மறையாது காட்டியவர் அவர். அவரே, தம்மைக் காணாது அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏலாது மறுத்தார். குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து, ஈயாத இளவெளிமானின் காவல்மரத்திற் கட்டிச் சென்றார். அவர் அழுகையின் நிலைக்களத்தைக் கூசாது கூறினமையாலேயே அவர்தம் பெருமிதம் செருக்காகாது நிற்கின்றது. வறுமையை மறைத்தவர் யானையைக் கட்டியிருப்பின் அது வெறும் ஆரவாரம். மாயாவும் வண்டிக்கடையை மறைக்கவில்லை. மரபு என்பது சொல்வழி மட்டும் வருவதாயின் இவ்வொப்புமைக்கு இடமில்லை. இரவலர் புரவலர் முன் நிமிர்ந்து நிற்கும் நிலையும் மரபே எனக் கொள்வார்க்கு இடமுண்டு.

அப்பாட்டு 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனேர்' திரைப்படத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. ஏ. ஆர். ரகுமானும் மாயாவும் இணைந்து ஆக்கிய வேறொரு பாட்டு 2009-இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அவ்வாண்டின் பிப்ரவரியில் நிறைமாதச் சூலியாய் அவர் கிராமி மேடையிற் பாடினார். அவ்வாண்டின் மே மாதத்தில் வன்னிப் போர் முடிந்தது. புகழ் உச்சமுற்றதும் இழப்பு உச்சமுற்றதும் ஓராண்டில். அதன்பின் வந்த படங்களை இவ்விரண்டையும் உடன்வைத்தே நோக்குதல் வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் ஏப்ரலில் வந்த 'பார்ன் ஃபிரீ' ஒன்பது நிமிட அளவினது. இயக்கியவர் ரோமன் கவ்ராஸ். அமெரிக்கப் படையினர் செம்மயிர் உடைய இளைஞரைத் தேர்ந்து பிடித்து, வண்டியிலேற்றிப் பாழ்நிலத்திற்குக் கொண்டுசென்று, ஒரு சிறுவனைச் சுட்டு, ஏனையோரைக் கண்ணிவெடி நிலத்தில் ஓடவிடுகின்றனர். யூடியூப் தளம் அமெரிக்காவில் அதனை நீக்கியது. படத்தில் மாயா இல்லை. தமிழர் ஒருவரும் இல்லை. கண்கட்டப்பெற்ற தமிழ் இளைஞர் சுடப்படும் காட்சி எனக் கூறப்பட்டதொன்றை 2009-ஆம் ஆண்டின் ஆகஸ்டில் பிரித்தானியாவின் நான்காம் அலைவரிசை ஒளிபரப்பியிருந்தது. அதனை உளங்கொண்டார்க்குச் செம்மயிர் யாரைக் குறிக்கும் என விளக்கவேண்டா. இதனை உள்ளுறை எனல் பொருந்தாது. உள்ளுறை தன் நிலத்துக் கருப்பொருளையே நிலைக்களனாகக் கொள்ளும். இது பிறிதுமொழிதல். மயிலிறகேற்றிய வண்டியைக் கூறி மன்னற்கு அறிவுறுத்தும் குறளில் மன்னன் பெயரும் இல்லை, படையும் இல்லை. பொருளை முற்றும் மறைத்தலே அவ்வணியின் வலிமை. அணி சிறந்தது. பெருமிதம் மட்டும் அப்படத்தில் எவரிடத்தும் இல்லை. அச்சமும் இளிவரலுமே உள. பெருமிதம் கொள்ளத் தகாத காலம் அது என உணர்ந்தே அவர் தம்மைப் படத்திலிருந்து விலக்கிக்கொண்டார் போலும். அவ்விலகல் எமக்கு மிக உயர்ந்ததாகவே தோன்றுகிறது.

அவ்வியக்குநரே 2012-இல் எடுத்தது 'பேட் கேர்ள்ஸ்'. மொராக்கோ நாட்டின் வர்சசாத் பகுதிப் பாலைவெளியில், முக்காடிட்ட பெண்டிர் மகிழுந்துகளை இருசக்கரத்தின்மேல் சாய்த்தும் சுழற்றியும் ஓட்டுகின்றனர். சாய்ந்தோடும் வண்டியொன்றன் பக்கத்தின்மேல் அமர்ந்து மாயா நகத்தை அராவிக்கொண்டிருக்கிறார். தறுகண்ணுக்கு இதனினும் பொருத்தமான குறிப்பு அரிது: இடுக்கண் வந்துழி இயல்பாய் இருத்தல். சவூதி அரேபியாவில் அந்நாளில் பெண்டிர் வண்டியோட்டத் தடை இருந்தது. 2018-ஆம் ஆண்டின் சூன் திங்களிலேயே அது நீங்கியது. எம்டிவி விருதுகளில் இயக்கத்திற்கும் ஒளிப்பதிவிற்கும் அப்படம் பரிசு பெற்றது. கொடை இன்னும் உண்டு; பெறுவோர் பிறநாட்டுப் பெண்டிர். ஆயினும் 'பேர்ட் ஃபுளூ'வின் சிறுவர் தம் முகத்தோடு வந்தனர். இப்பெண்டிர் ஒப்பனையோடு வந்தனர்.

இனி 'பார்டர்ஸ்'. 2015-ஆம் ஆண்டின் நவம்பரில் வந்தது, இயக்கியவர் மாயாவே. ஐரோப்பாவை நோக்கிக் கடல்கடந்தோர் பல்லாயிரவராய்ப் பெருகிய ஆண்டு அது. படத்தில் ஆடவர் கூட்டம் ஒன்று நீரில் நடக்கின்றது; படகுகளில் நெருங்கி அமர்கின்றது; முள்வேலியில் ஏறுகின்றது. வேலியின்மேல் ஏறிய உடல்களே உயிர்வாழ்க்கை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளாய் அமைகின்றன. மற்றோரிடத்து உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கப்பலுருவம் கொள்கின்றன. எல்லார்க்கும் முன் மாயா அசையாது நின்று வினாக்களை அடுக்குகிறார். அவர் அணிந்த சட்டையில் விளம்பரச் சொல் மாற்றி எழுதப்பட்டிருந்தது. பாரிசு சென் ஜெர்மன் கால்பந்துக் கழகம் படத்தை நீக்குமாறு மடல் விடுத்தது. அத்துணை உடல்களுள் கழகத்தார் கண்டது சட்டையை.

படம் அழகியது. அவ்வழகே எம்மை வருத்துகின்றது. 'கலாங்' படத்தில் நாட்டார் இலர், சுவரோவியமே இருந்தது. 'பார்டர்ஸ்' படத்தில் நாட்டாரே சுவரோவியமாயினர். பதினோராண்டுச் செலவிற்குப்பின் பாடகி மீண்டும் தனியராய் நிற்கிறார். பின்னே உள்ள பனையும் புலியும் நின்ற இடத்தில் மாந்தர் நிற்கின்றனர் என்பதே வேறுபாடு. பெருமிதம் முழுதும் முன்னிற்பவரிடத்தே உளது. பின்னிற்போர்க்கு அழுகையும் மறுக்கப்பட்டது, பெருமிதமும் வழங்கப்படவில்லை. கொடை புகழாய்த் திரும்பிற்று என யாம் கூறுவது இதனையே. உலகறிந்த முகம் முன்னே நில்லாவிடின் அப்படத்தை எவர் காண்பர் என்று கேட்கலாம். கேள்வி நேரியது. ஆயின் 'பார்ன் ஃபிரீ' எடுத்தபோது அவர் அவ்வாறு கருதவில்லை.

ஒரு செய்தியை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மாயாவின் தந்தையார் அருளர் 'லங்கா ராணி' என்னும் தமிழ்ப் புதினத்தை எழுதியவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தென்னிலங்கையிலிருந்து துரத்தப்பட்ட தமிழரைக் கொழும்பிலிருந்து வடக்கே காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் அது. அப்புதினத்தில் கப்பல் நிறைய மாந்தர் உளர். அவர்கள் பேசுகின்றனர், வழக்காடுகின்றனர். மகள் அமைத்த கப்பல் மாந்தராலேயே ஆயது. அதில் ஒருவரும் பேசுவதில்லை. தந்தையின் நூலை மகள் கருதியே அக்காட்சியை அமைத்தார் எனக் கூறத் துணியோம். ஆயினும் இரண்டையும் ஒருங்கு வைத்துக் காணும் ஆராய்ச்சியாளர்க்கு, இதில் தமிழ் எங்கே என்னும் வினா எழாது; தமிழ் எங்கே போயிற்று என்னும் வினாவே எழும். அது முன்னதினும் கடியது, ஆய்வேட்டிற்கு உரியது.

2021-ஆம் ஆண்டின் மார்ச்சில் அறிவும் தீயும் பாடி வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' இந்நகரத் தெருவெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்ட தம் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அங்கும் இழப்பும் நிலைகேடும் வறுமையும் நிலைக்களம், தோன்றுவது பெருமிதம். அதனைத் தமிழ் எனக் கொள்ளத் துறையினர் எவரும் தயங்கவில்லை, மொழி தமிழாயிற்று. இரண்டனுக்கும் கடன்பாடு உண்டெனக் கூறோம். உறவு உண்டு என்பதை மெய்ப்பாட்டியல் வகுப்பிற் கூறலாம்.

அண்மையில் அவ்வகுப்பில், முன்பு செய்யத் துணியாததைச் செய்தோம். 'பேர்ட் ஃபுளூ'வையும் 'பார்டர்ஸ்' படத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, நினைவில் நின்ற முகங்களை எழுதித் தருமாறு மாணவரைக் கேட்டோம். முன்னதற்குச் சிறுவர் பலரின் குறிப்புகள் வந்தன. கோழியை எழுதியவரும் உளர். பின்னதற்குப் பெரும்பாலோர் பாடகியை மட்டுமே எழுதினர். எம் கருத்து நிறுவப்பட்டதென மகிழ்ந்திருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். முகாமிற் பிறந்தவர்; அதுவரை வகுப்பில் அதிகம் பேசாதவர். "ஐயா, வேலி ஏறுறவங்க முகத்த யாரு பாக்குறாங்க? அவங்க பாட்டுல அதத்தான காட்டுறாங்க" என்றார். அழகைக் குறையெனக் கொண்ட எம் கூற்றை அவர் ஏற்கவில்லை. அவரைக் கட்டுரையாக எழுதித் தருமாறு கேட்டுள்ளோம். இன்னும் வந்து சேரவில்லை.